பெரிய கிராணியாரின் மறைச்சொல்

...மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கவில்லை, சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலும் தொடங்கவில்லை, மனிதன் தன் பெட்டிக்கு முதல் பூட்டைப் போட்ட நாளில்தான் தொடங்கியது, ஆகவே அந்தப் பூட்டைத் திறந்த கை எதுவானாலும் அது மனித குலத்தின் மீதே வைத்த கையாகும் என்று புகார் மனுவின் முதல் வாக்கியத்தை அமிர்தலிங்கம் மனத்துக்குள் எழுதி முடித்தபோது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அடிவயிறு குலுங்கியது, மனித நாகரிகத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தொடைகளையும் இறுக்கிக்கொண்டார். காலையில் தண்ணீரே குடிக்கவில்லையே, ஒரு வாய் காப்பி, அதுவும் பாதி... எங்கிருந்துதான் வருகிறது? சரி, இந்த வாக்கியத்தை மலாயில் எப்படிச் சொல்வது, சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனில் தமிழில் மனு வாங்கமாட்டார்களே, நாகரிகத்துக்கு மலாயில் என்ன... வந்துவிடும், தானாக வாய்க்கு வந்துவிடும், முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்து ஆப்பீஸின் தலைமைக் குமாஸ்தாவாக, பெரிய கிராணியாக இருந்து துரைமார்களுக்கு மூன்று மொழிகளில் கடிதம் எழுதிய கை. ரந்தாவிலேயே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, தோட்டம் இருக்கும் கோலா சாவாவிலிருந்து பக்கம், பஸ் இப்போதுதான் அதைத் தாண்டி வந்தது, ஆனால் அங்கே சார்ஜன்ட் முதல் கூட்டிப் பெருக்குகிறவன் வரை அவரைத் தெரியும், என்ன களவு போச்சு கிராணியாரே என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது? சிரம்பானில் அவரை யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் மானத்தோடு புகார் கொடுக்க முடியும். புகாரில் எழுதப்போகும் பெயர் லெட்சுமி, தகப்பன் பெயர் சந்திரன். அந்தச் சந்திரன்தான் இப்போது அவருக்கு முன்னால் உட்கார்ந்து இந்தப் பஸ்ஸை ஓட்டுகிறான், இந்த நேரத்துக்கு இது ஒன்றுதானே பஸ், வேறு என்ன செய்வது, பறந்தா போக முடியும்?

அயோக்கியத்தனம். காலையில் பூஜைக்குப் போனவர் கோயில் வாசலில் கூட்டத்தைப் பார்த்து, பரவாயில்லை, வெள்ளிக்கிழமை பக்தி கூடியிருக்கிறது என்று ஆலயத் தலைவருக்கே உரிய பெருமையோடு நடையைக் குறைத்துக்கொண்டு போனார். பக்தி அல்ல. அறிவிப்புப் பலகையில், உபயக்காரர் பட்டியலுக்குக் கீழே, நாலு மூலையிலும் பின் குத்திய ஒரு தாள். அவருடைய தாள். தமிழ்நாட்டில் ஒரு சித்த வைத்தியருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல். கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார், அதுதான் வினையாகப் போயிற்று, அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒருவராலும் முடியாது, வாய்விட்டுப் படித்தால்தான் தமிழாகும், ஆகவே வந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்... முன்னாள் பெரிய கிராணியும் ஆலயத் தலைவரும் மாநில அரசின் பதக்கம் பெற்றவருமான அமிர்தலிங்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது என்னவென்றால், உறக்கத்தில் என்னை அறியாமலேயே எனக்கு ஒன்றுக்குப் போய்விடுகிறது, மெத்தையில் பிளாஸ்டிக் விரித்துப் படுக்கிறேன், துணி துவைக்கும் பெண்ணிடம் கூரை ஒழுகுவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்... அந்தத் துணி துவைக்கும் பெண், பஞ்சாலை, கூட்டத்தின் நடுவில்தான் நின்றாள். "அடி ஆத்தா! அப்ப கூரை ஒழுகலியாடி?" என்றாள். மழையே பெய்யாத மாசத்தில் தோட்டத்து ஆப்பீஸிலிருந்து ஆள் வந்து அவர் வீட்டுக் கூரையைப் பிரித்து மாட்டிவிட்டுப் போனதும், ஓட்டையே காணோமே என்று அவர்கள் தலையைச் சொறிந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. சிரித்தார்களா? சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை, சிரித்தவனை அதட்டலாம், கமிட்டியிலிருந்து நீக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. வழி விட்டார்கள். ஐயோ பாவம் என்கிற மாதிரி, பிள்ளைத்தாய்ச்சிக்கு விடுகிற மாதிரி, அகலமாக வழி விட்டார்கள்.

"கிராணியாரே..." அடுத்த வரிசையிலிருந்து செல்லம்மா, சீனி வியாதிக்கு மருந்து வாங்க சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், ரகசியமாகக் கூப்பிட்டாள், அவள் ரகசியம் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கும். "பாசார்ல பார்லி வாங்கிட்டு வரேன், ஒங்களுக்கும் ஒரு பொட்டலம் சேத்து வாங்கட்டா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு, வாழத்தண்டு அரைச்சுக் குடுத்தேன், ஒரே மாசம், கட்டிலு காஞ்சு போச்சு." நான் உன்னைக் கேட்டேனா என்று கர்ஜித்தார், கர்ஜித்ததாகத்தான் நினைத்தார், அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு கர்ஜித்தால் அது அவ்வளவு எடுப்பாக வருவதில்லை. "கேக்கணுமாக்கும்? அதான் எழுதி ஒட்டிருக்கே லா" என்றாள் செல்லம்மா, கோபமே இல்லாமல். பின்னால் யாரோ, வாழைத்தண்டு வேண்டாம், சிறுநெருஞ்சிதான் கேட்கும் என்றார்கள், இன்னொருவர், ரெண்டையும் கலந்து கொடுத்தால்... பஸ்ஸே ஒரு வைத்தியசாலையாகிவிட்டது, அவருடைய உடம்பின் ஒரு பாகத்தைப் பற்றி, அவரை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு கமிட்டி கூடிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போனால் பத்து வீட்டில் சொல்வான், சிரம்பான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் இந்தத் தோட்டத்துப் பெண், வேண்டாம், கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருவருக்கு எழுதினால் கடல் காப்பாற்றும் என்றுதானே எழுதினார், எவ்வளவு யோசித்து, கோயில் ஆப்பீஸ் கதவைத் தாளிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி... தனக்கென்று ஒரு மனிதன் ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒரே ஒரு ரகசியம். அதைத் திறந்து பார்க்க எவருக்கு என்ன உரிமை?

உரிமை பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, அவரே நடத்தியிருக்கிறார். தெமியாங்கில் இருக்கும் நாச்சியப்பன் செட்டியார் தன் கடைக்குப் புதுக் கணினி வாங்கியபோது பழையதைக் கோயிலுக்குக் கொடுத்தார், கணினியைவிடப் பெரிதாக 'ஆலயக் கணினி மையம்' என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டியவர் அமிர்தலிங்கம். அப்புறம் சிரம்பானில் ஒரு ஹோட்டலில் கணினிக் குற்றங்கள் பற்றி அரை நாள் கருத்தரங்கு, பசியாறலோடு, அதற்கு இந்த வட்டாரத்திலிருந்து போனவர் அவர் ஒருவர்தான், நாடாளுமன்றத்தில் போன வருஷம் சட்டமே போட்டாகிவிட்டது என்று டை கட்டிய ஓர் ஆள் சொன்னான், கம்பி வழியாகக் கள்ளன் வருவான், முகம் தெரியாதவன், உங்கள் பிள்ளைகளோடு பேசுவான் என்றான், அதற்குள் சாப்பிட மீ கோரிங் வந்துவிட்டது. சட்டையில் குத்திய பேட்ஜைக் கழற்றாமலேயே தோட்டத்துக்குத் திரும்பி அன்று மாலையே மைக்கைப் பிடித்தார். எல்லாருடைய மறைச்சொல்லும் தலைமைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது பாதுகாப்பு. பிள்ளைகள் பாஸ்வேர்ட் என்பார்கள், அவர் மறைச்சொல் என்றுதான் சொல்வார். எழுதி வைத்தால் களவு போகும் என்று கருத்தரங்கில் சொன்னதால், ஒவ்வொருவராக வந்து அவர் காதில் சொல்ல வேண்டும், மந்திர உபதேசம் மாதிரி, ஆனால் தலைகீழாக, சின்னவர்கள் சொல்லப் பெரியவர் கேட்டார். கேட்டது பாதி மறந்துவிடும், மறுநாள் பூஜைக் கூட்டத்தில், ஏம்மா உன்னோடது என்ன சொன்னே என்று சத்தமாகக் கேட்பார், அதுவும் பாதுகாப்புக்காகத்தான். திரையை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பிள்ளைகள் தட்டும்போது பின்னால் நாற்காலி போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தகப்பன் செய்யாததை அவர் செய்தார், ஊர்ப் பிள்ளைகளுக்காக, சம்பளம் இல்லாமல், முதுகு வலியோடு.

லெட்சுமி விஷயத்தில் அவர் செய்தது தப்பா? எப்படித் தப்பாகும்? பள்ளியின் கடைசிப் படிவமான ஆறாம் படிவம் முடித்த பெண், தோட்டத்தில் அந்தக் கணினியை ஒழுங்காக இயக்கத் தெரிந்த ஒரே ஆள், அவருக்கே மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தந்தவள், மறைச்சொல் போடும்போது மட்டும் அவளை வெளியே நிற்கச் சொன்னார், அவளும் நின்றாள், அது வேறு. அவளுக்கு போர்டிக்சனிலிருந்து ஷம்சுதீன் என்று ஒரு பையன் எழுதுகிறான், கூடப் படித்தவன், மாமனின் ரெஸ்டோரன்டில் கல்லாவில் இருக்கிறான், அடுத்த ஞாயிறு கடற்கரைக்கு எல்லாரும் வருகிறோம், நீயும் வா என்கிறான். எல்லாரும் என்றால் யார்? யார் அந்த எல்லாரும்? 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, அச்செடுத்து, கமிட்டி மேசையில் வைத்தார். சந்திரனைக் கூப்பிட்டார்கள். டிரைவர் உடையோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான், தாளைப் படித்தான், மறுபடி படித்தான், ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "இத நீங்க படிக்கிறப்ப எம் புள்ள பக்கத்துல இருந்துச்சா தலைவரே?" இது என்ன கேள்வி, பிள்ளை பக்கத்தில் இருந்தால் அது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? அவனுக்கு விளக்கினார், கள்ளன், கம்பி, சட்டம், மீ கோரிங் தவிர எல்லாம் சொன்னார். அந்த வாரமே சிரம்பானில் லெட்சுமி போய்க்கொண்டிருந்த கணினி வகுப்பை நிறுத்திவிட்டான், இப்போது விடியுமுன் வேனில் ஏறி செனவாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். கோயில் படியில் ஒரு நாள் எதிரில் வந்தவள் நின்று, தலையைக் குனியாமல் சொன்னாள், "கள்ளன் வருவான் கள்ளன் வருவான்னு சொன்னீங்க தலைவரே. ஒரு கள்ளனையும் காணோம் லா. நீங்கதான் வந்தீங்க." என்ன திமிர்! அந்தத் திமிர்தான் இன்றைக்குப் பின் குத்தியிருக்கிறது, வேறு யாராக இருக்க முடியும், அச்செடுக்கத் தெரிந்தவள், வஞ்சம் வைத்திருப்பவள், சாட்சியே தேவையில்லை, அவள் வாக்குமூலமே படியில் கிடக்கிறது...

ஆனால் திங்கட்கிழமை. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்காமல் இருக்கலாமே, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம் முடிந்து செம்பனை வந்துவிட்டது, அதைப் பார்க்கலாமே. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து லெட்சுமிக்குப் பதில் வந்திருக்கிறது. உதவிச் சம்பளத்தோடு கணினிப் படிப்பு, நேர்காணலுக்கு வரவும், திங்கட்கிழமை காலை, சான்றிதழ்களோடு. வகுப்பு நிற்கும் முன்னால் அவள் எழுதிப் போட்டிருந்தது. பதில் வந்து கிடப்பது லெட்சுமிக்குத் தெரியாது, அவள்தான் கோயில் ஆப்பீஸ் பக்கமே வருவதில்லையே, சந்திரனுக்கும் தெரியாது, உலகத்தில் அமிர்தலிங்கம் ஒருவருக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும்? அதுதான் சிக்கல். அன்றைய கமிட்டிக் கூட்டத்தில், சந்திரன் போன பிறகு, இனி அந்தப் பெண்ணின் கடிதத்தை யாரும் திறப்பதில்லை என்று தீர்மானம் போட்டு அவரே முதல் ஆளாகக் கை தூக்கினார். அப்புறமும் பார்த்தார். தினமும் அல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள்... சரி, தினமும். அந்த ஷம்சுதீன் மறுபடி எழுதுகிறானா என்று தெரிந்துகொள்ளத்தான், தெரிந்துகொண்டு தடுக்கத்தான், வேறு என்ன, அவருக்கு யார் எழுதுகிறார்கள், பெர்த்தில் இருக்கும் மகன் எழுதுகிறானா, அந்த வைத்தியர்தான் பதில் போட்டாரா? சொல்லியிருப்பார், கல்லூரிக் கடிதம் வந்த அன்றே சந்திரனிடம் சொல்லியிருப்பார், சத்தியமாக வாய் வரைக்கும் வந்தது, ஆனால் சொன்னால் அந்த ஒரு கேள்வி மறுபடி வருமே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு என்று தள்ளி, இதோ வெள்ளிக்கிழமை, காலையில் இந்த அநியாயம் நடந்துவிட்டது. இனி எதற்குச் சொல்ல வேண்டும்? இன்று புகார் கொடுத்தால் திங்கட்கிழமை போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கும், நேர்காணலும் அதே திங்கட்கிழமை, இரண்டு இடத்திலும் ஒருத்தி எப்படி இருப்பாள். அது அவள் பாடு. ஊரார் கடிதத்தைத் திறப்பவளுக்கு எதற்குக் கல்லூரி?

ஸ்டாப்பில் நாலைந்து பேர் ஏற, பஸ் நின்றது, நின்றதும்தான் அடிவயிறு எவ்வளவு கனமாகிவிட்டது என்பது தெரிந்தது, கால் மேல் கால் போட்டுப் பார்த்தார், அது இன்னும் மோசம். சாலையோர மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை, ஒலிபெருக்கியில் குருக்கள் யாரோ ஒருவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் ராசியையும் அம்மனுக்கும் அப்படியே நெடுஞ்சாலைக்கும் அறிவித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அலற வைக்க வேண்டுமா, சங்கல்பம் என்பது சாமிக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள... அமிர்தலிங்கத்தின் கால் தானாகக் கீழே இறங்கியது. அவருடைய மறைச்சொல் அவிட்டம். அவர் ஜென்ம நட்சத்திரம். ஜாதகத்தை ஊருக்குக் காட்டாதே என்று ஜோசியர் சொல்லியிருந்தார், அதைவிட மறைவான சொல் ஒரு மனிதனுக்கு என்ன இருக்க முடியும் என்று எண்ணித்தான் வைத்தார், வைத்தபோது பெருமையாகக்கூட இருந்தது. தோட்டத்துக் கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் முதல் அர்ச்சனை தலைவருக்கு. அமிர்தலிங்கம், அவிட்ட நட்சத்திரம், கும்ப ராசி... ஒலிபெருக்கி கீழ் லயத்து வீடுகள் பக்கம் மட்டும் கேட்கிறது, மேட்டு லயத்தில் இருப்பவர்களுக்கு உபயக்காரர் பெயர் கேட்க வேண்டாமா என்று சண்டை போட்டு, நாலு திசைக்கும் நாலு கூம்பு வைத்தது யார்? அவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்தில் கடை வைத்திருக்கும் பாக் சேமான் ஒருமுறை அவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே 'அமிட்டலிங்கம், அவித்தம், கும்பம்' என்று குருக்கள் ராகத்திலேயே பாடிக் காட்டினாரே, எவ்வளவு பக்தி இந்த மனுஷனுக்கு என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாரே! ஆக லெட்சுமிக்குத் தெரியும், பஞ்சாலைக்குத் தெரியும், செல்லம்மாவுக்குத் தெரியும், காது உள்ள எல்லாருக்கும் தெரியும், முதலில் எதைத் தட்டிப் பார்ப்பார்கள், அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் கேட்பான், உன் மறைச்சொல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு முக்கிமே, ஒரு வட்டாரமே சந்தேகப் பட்டியலில் வரும். அப்புறம் கேட்பான், திருடப்பட்ட கடிதத்தில் என்ன இருந்தது? சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அவன் அதைத் தட்டெழுதுவான், தட்டெழுதியதைப் பக்கத்திலிருப்பவன் படிப்பான், மேலதிகாரி படிப்பார், கோப்பில் நம்பர் போட்டு வைப்பார்கள், கோர்ட்டில் ஒருவன் எழுந்து நின்று மலாயில் வாசிப்பான்... தோட்டத்தோடு போகிறதை மாநிலத்துக்கே ஒட்டுவதற்கா இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்? புகார் கொடுக்காவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். கொடுத்தால்... என்ன சட்டம் இது, மானத்தைக் காப்பாற்றப் போகிறவன் அதை முதலில் மேசை மேல் எடுத்து வைக்க வேண்டுமாம்!

பஸ் வேகம் குறைந்தது. ஸ்டாப் எதுவும் இல்லையே இங்கே. சந்திரன் சிக்னல் போட்டு, இடப்பக்கம் ஒதுக்கி, ஒரு பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் பஸ்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுபோய், கக்கூஸுக்கு எதிரில், இதைவிட நேர் எதிரில் நிறுத்த முடியாது என்கிற மாதிரி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். அந்த அமைதியில் பஸ் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே, கக்கூஸ் இல்லாத பக்கமாக, மரியாதையாகப் பார்த்தது. சந்திரன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். "போய்ட்டு வாங்க தலைவரே. ஒண்ணும் அவசரமில்ல, பஸ் நிக்கும்." எவ்வளவு நேரமாகக் கண்ணாடியில் கவனித்துக்கொண்டிருந்தான், கால் மேல் கால் போட்டதையா, தொடையை இறுக்கியதையா? இது இரக்கமா, கிண்டலா? அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, அந்த முகம்தான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது, அன்று கமிட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் இதே முகம்தான். "எனக்கு வேணாம். நீ பஸ்ஸ எடு" என்றார். "எடுக்குறேன் தலைவரே, நீங்க போய்ட்டு வந்ததும்." "வேணாங்கிறேன்ல!" "அட போயிட்டு வாங்களேன், சிரம்பான் வரைக்கும் எதுக்கு அடக்கிக்கிட்டு..." இது செல்லம்மா. "அடக்குனா நீர்க்கட்டு வந்துரும் கிராணியாரே, அப்புறம் குழா மாட்டணும்" என்றார் பின்சீட்டு வைத்தியர். ஊர்த் தலைவன் ஒருவன் ஒன்றுக்குப் போவதா வேண்டாமா என்பதை ஒரு பஸ் விவாதிக்கிறது. இறங்கக் கூடாது, உயிரே போனாலும் இறங்கக் கூடாது என்று அமிர்தலிங்கம் உறுதியாக முடிவு செய்தார். முடிவு செய்துகொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே தரை ஈரம், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. கதவு மெல்லத் திறந்தது. சாத்தினார். திறந்தது. ஒரு கையால் கதவு, ஒரு கையால் வேட்டி, மூன்றாவது கைக்கு எங்கே போவது, கதவின் இடுக்கில் பஸ்ஸும் ஜன்னல்களும் ஜன்னல்களில் பின்னந்தலைகளும் தெரிந்தன, ஒரு நாட்டில் ஒரு தாழ்ப்பாளுக்குக் கூடவா வழியில்லை, இதற்கும் புகார் எழுத வேண்டும், இதற்கு முதலில் எழுத வேண்டும்... வெளியே காலடிச் சத்தம். கதவு வெளிப்பக்கத்திலிருந்து இழுக்கப்பட்டு, இறுக்கமாக, இடுக்கே இல்லாமல் மூடிக்கொண்டது. "நான் புடிச்சிக்கிறேன் தலைவரே. நீங்க இருங்க." சந்திரன். லெட்சுமியின் அப்பன் சந்திரன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிறான் போலிருக்கிறது, குரல் அந்தப் பக்கம் போயிற்று. கதவுக்குக் கீழே அவன் சப்பாத்தின் குதிகால் தெரிந்தது, தேய்ந்த குதிகால். எதற்காகப் பிடிக்கிறான்? கோயில் பலகையில் பின் குத்தியது ஒருவேளை இந்தக் கைதானா, இல்லை, குத்தியது யார் என்றே இவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பூட்டு இல்லாத இடத்தில் பூட்டாக நிற்கிறான். அமிர்தலிங்கத்துக்கு வந்தது கோபம்தான், கோபமாகத்தான் இருக்க வேண்டும். இப்போது சொல்லிவிடலாம். கதவு நடுவில் இருக்கிறது, முகம் தெரியாது, திங்கட்கிழமை காலை, சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் தலைவரே என்பான். அதற்கு என்ன சொல்வது, அதற்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தால்...

"சந்திரா" என்றார்.

"சொல்லுங்க தலைவரே."

"...ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

"தள்ளி நின்னா கதவு தொறந்துக்கும் லா."

சந்திரன் நகரவில்லை. வெளியே ஒரு லாரி எண்ணெய் போட்டுக்கொண்டு போயிற்று, செல்லம்மா யாரிடமோ ஏதோ சொன்னாள், பஸ் காத்திருந்தது. அமிர்தலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவருக்கு வரவில்லை.